மணி ஏன் அடிக்கவில்லை

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவுக்கு மூச்சிரைப்பு இந்த மாதம் அவ்வளவாகத் தொந்தரவு கொடுக்கவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் என்னைக் கேட்கிறாள், நான் இப்போதுதான் உன்னைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி. அணைக்கட்டில் போனுக்குச் சிக்னல் கிடையாது, சாமான் ஜீப்பில் கடிதம்தான் வரும் போகும் என்று நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

கண்ணாடிக் கடையில் மூச்சு விட நேரமில்லை. பரீட்சை நெருங்கினால்தான் பிள்ளைகளுக்குக் கண் தெரியவில்லை என்று பெற்றோருக்குத் தெரிகிறது. நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது.

ஜீப்பில் ‘ஆந்தைக்கோட்டை’ மூன்றாம் பாகம் அனுப்புகிறேன். முதல் இரண்டு பாகத்தையும் நீ இங்கே இருந்தபோதே படித்துவிட்டாய். முடிவைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள். நம் மணிக்காரன் இருக்கிறானே, செத்த சிப்பாயின் செருப்பைத் திருடியவன், பிறகு இளவரசியின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் நடந்தவன், அவனை நம்பித்தான் கோபுரத்து மணியை ஒப்படைக்கிறார்கள். விடிகிற நேரத்தில் எதிரிப்படை வருகிறது. அவன் பார்க்கிறான். கை கயிற்றில் இருக்கிறது. மணி அடிக்கவில்லை. கோட்டை தூக்கத்திலேயே எரிகிறது. புத்தகம் அத்தோடு முடிகிறது.

நாலாம் பாகம் வர இன்னும் மாதக்கணக்காகும். அதுவரை எங்கள் வாசகர் கூட்டத்துக்கு வேறு பேச்சே இல்லை. ஞாயிறு மாலை நம் தெருக்கோடி ஜெராக்ஸ்காரர் கடை மாடியில் கூடுகிறோம். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி வருகிறாள். அவள் பேச்சு அப்படி, அதனால் எல்லோரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுகிறோம். அவன் ஏன் அடிக்கவில்லை? நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கிறேன். அம்மாவிடம் என் கன்னம் உப்பிவிட்டது என்று சொல், சந்தோஷப்படுவாள்.

வேலை பெரிய கஷ்டமில்லை. மதகு தூக்கும் கம்பிவடங்களுக்குக் கிரீஸ் போட வேண்டும். மணிக்கொரு தரம் நீர்மட்டத்தைப் பார்த்து எழுத வேண்டும். மேலிடத்திலிருந்து, வெளியே பேச முடியாத ஆபீஸ் கம்பி போனில் உத்தரவு வந்தால் சொல்கிற மதகைச் சொல்கிற அளவு திறக்க வேண்டும். மாதம் பிறந்தால் அபாயச் சங்கை ஒரு தடவை ஊதிப் பார்ப்பதும் என் வேலை என்று பணி விவரத்தில் இருக்கிறது. அறையில் என்னோடு இருக்கிற ஜீப் டிரைவர் தூக்கத்திலும் கியர் மாற்றுகிறார். இன்ஜினியர் நல்ல மனிதர், எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக். ஆண்டு முடிவில் என்னை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்பது அவர் கையில்தான் இருக்கிறது.

மூன்றாம் பாகத்தை இரண்டே நாளில் முடித்துவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எதிரி கொடுத்தான், இவன் வாங்கிக்கொண்டான். செருப்புத் திருடன் செருப்புத் திருடன்தான். உங்கள் கூட்டம் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகமாக இருப்பதில் எங்களுக்கும் பாதி சுகம் வந்துவிட்டது.

உன் கருத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். ஜெராக்ஸ்காரருக்கு முகமே சிவந்துவிட்டது. மணிக்காரனைச் சொன்னால் அவருக்குத் தன் வீட்டுப் பிள்ளையைச் சொன்ன மாதிரி. அவர் சொல்வது இது: மந்திரி முன்கூட்டியே மணியின் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டான், இவன் கயிற்றை இழுத்தான், சத்தம் வரவில்லை. ஊசி வேறு மாதிரிச் சொல்கிறாள். எதிரிப்படையின் முதல் வரிசையில் அவன் தன் மகனைப் பார்த்துவிட்டானாம். நான் என்ன நினைக்கிறேன் தெரியுமா? மணி அடித்திருந்தால் ஜனங்கள் முற்றத்துக்கு ஓடி வந்திருப்பார்கள். அங்கே எதிரியின் வில்லாளிகள் காத்திருந்தார்கள். வீட்டுக்குள் இருந்தால் பாதிப் பேராவது பிழைப்பார்கள் என்றுதான் பேசாமல் இருந்தான். எனக்குக் கைதட்டல் கிடைத்தது.

சங்கைப் பற்றி எழுதியிருந்தாயே, அதில் ஒரு சந்தேகம். முன்பெல்லாம் மாதம் பிறந்தால் மேலேயிருந்து ஊதுவது நம் வீட்டுக் கொல்லை வரை கேட்கும். ‘மாசம் பொறந்தாச்சு, வாடகை கேட்டு வந்துடுவாரு’ என்பாள் அம்மா. இப்போது ரொம்ப நாளாகக் கேட்பதில்லை. தன் காதுதான் போய்விட்டது என்று அம்மா மருகுகிறாள். நேரத்தை மாற்றிவிட்டார்களா?

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை கொஞ்சம் கூடிப்போனது. அம்மாவின் காதில் கோளாறு ஒன்றும் இல்லை, வீணாகக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

ஜெராக்ஸ்காரர் சொன்னதை யோசித்துக்கொண்டிருந்தேன். மணிக்கு நாக்கு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அது அவனுக்கு எப்போது தெரிந்தது? அன்று காலையிலா, அதற்கு முன்பேவா? முன்பே தெரிந்திருந்தால் மேலே இருப்பவரிடம் சொல்லியிருப்பான். அவர் பார்க்கலாம் என்றிருப்பார். இன்னொரு தடவையும் சொல்லியிருப்பான். அப்போதும் பார்க்கலாம் என்றிருப்பார். அதற்கு மேல் அவன் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்கள் கூட்டம் நினைக்கிறது? அவர்களைக் கேட்டு எழுது. மறந்துவிடாதே.

இங்கே மரம் வெட்டிய சரிவுகளில் மண் சரிந்து தண்ணீரோடு வருகிறது. அடியில் வண்டல் ஏறி, அணை பார்க்கத்தான் ஆழம்.

தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் இந்தத் தடவை ரொம்பச் சின்னது. கன்னம் உப்பியதைப் பற்றி ஒரு வரி இருக்கும் என்று அம்மா காத்திருந்தாள்.

உன் கேள்வியை அப்படியே கேட்டேன். கூட்டம் இரண்டுபட்டது. ஜெராக்ஸ்காரர் உன் பக்கம், அதாவது மணிக்காரன் பக்கம். ‘ரெண்டு தடவை சொல்லிட்டான்ல. அதுக்கு மேல ஒரு காவக்காரன் என்ன பண்ணுவான்? ராஜா தலையில குட்டிச் சொல்லணுமா?’ என்றார். ஊசி அவரை முடிக்க விடவில்லை.

‘சொன்னான் சரி. யார்கிட்ட சொன்னான்? மேல இருக்கிறவங்ககிட்ட. செத்தது யாரு? கீழ இருந்தவங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னானா?’

ஜெராக்ஸ்காரர், பீதியைக் கிளப்பினான் என்று அவன் தலையை வாங்கியிருப்பார்கள் என்றார். வாங்கட்டுமே என்றாள் ஊசி. அவளிடம் பல் காட்டப் போகிறவர்களை நினைத்துப் பாவமாக இருந்தது.

நீ இந்த நாவலில் இவ்வளவு மூழ்குவாய் என்று நான் நினைக்கவில்லை. ஒழுங்காகத் தூங்குகிறாயா? லீவு கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
அக்கா


ஜூலை 25

அக்காவுக்கு,

நலம். லீவு கிடைக்காது.

மழைக்கு முன்னால் அம்மாவை மேட்டுத் தெருவில் இருக்கிற மாமா வீட்டு மாடிக்கு மாற்றிவிடு. ஆற்றோரத்து ஈரம் அவள் மூச்சுக்கு ஆகாது. நீயும் அவளோடு அங்கேயே இரு, கடைக்கு அங்கிருந்து போய் வரலாம். தள்ளிப் போடாதே. மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், உன் யோசனையாகவே இருக்கட்டும்.

புத்தகம் அனுப்ப வேண்டாம். படிக்க மனம் ஓடவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவை மாற்றியாகிவிட்டது. மாமா வீட்டு மாடியில் காற்று நன்றாக வருகிறது. மூச்சிரைப்பு இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, உன் யோசனைக்கு மார்க் போடலாம். பழைய வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

கட்டிலையும் பீரோவையும் ஏற்ற ஜெராக்ஸ்காரர்தான் வண்டி கொண்டுவந்தார். பேப்பர் ரீம் ஏற்றுகிற தள்ளுவண்டி. அவரே தள்ளினார், மேடு ஏறும்போது பாவம் நாக்கு தள்ளிவிட்டது. ‘இந்த வருஷம் வெயில்ல சுவரெல்லாம் காஞ்சு வெடிச்சிருக்கு, ஈரம்ன்னு ஏம்மா ஓடுறீங்க?’ என்று கேட்டார். டாக்டர் சொன்னார் என்று ஒரு பொய் சொன்னேன். நம்பிவிட்டார். போகும்போது, நாலாம் பாகத்துக்கு முன்பதிவு செய்தாகிவிட்டது, மணிக்காரன் மேல் குற்றம் இல்லை என்று அதில் வரத்தான் போகிறது, வந்ததும் உன் தம்பியிடம் பந்தயப் பணத்தை வசூல் செய்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ பந்தயமே கட்டவில்லை என்றேன். கட்டின மாதிரிதான் என்றார்.

நீ ஏன் மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்றாய்? அது இருக்கட்டும். நீ பத்திரமாக இரு.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 6

தம்பிக்கு,

அம்மாவுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்று ஜீப் டிரைவர் வந்து சொன்னார், அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம். மூன்று நாளாக மழை, எல்லோருக்கும் அது பழகியிருந்தது. சங்கு ஊதவில்லை. தண்ணீர் நம் தெருமுனையில் திரும்பி வருவதை நான் மாமா வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் நடந்து வருகிற மாதிரி இருந்தது. கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஆற்றோரத் தெருவில் பெரும்பாலானவர்கள் கூரையில் ஏறிப் பிழைத்தார்கள். நம் வீட்டில் பாதிச் சுவர் இல்லை.

ஜெராக்ஸ்காரர் கடை ரோட்டை விட இரண்டு படி பள்ளம், உனக்குத் தெரியும். எப்போதும் வருகிற மழைத்தண்ணீர்தான் என்று நினைத்து இரும்புக் கதவை இறக்கி, உள்ளேயிருந்து சாக்கு வைத்து அடைத்திருக்கிறார். மெஷினை மேஜை மேல் தூக்கி வைத்திருக்கிறார். மாடிக்குப் படி வெளியில்தான் இருக்கிறது. கதவைப் பிறகு வெட்டித்தான் திறந்தார்கள். அவர் மனைவி கதவு வெட்டுகிற வரை அங்கேயே நின்றாள்.

கண்ணாடிக் கடையில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். ‘உங்க தம்பிதானே மேல மதகுல இருக்கான்?’ என்கிறார்கள். நேற்று ஊசி வந்தாள். கண்ணாடி போட வரவில்லை. கல்லாவுக்கு முன்னால் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். ‘உங்க அம்மாவை எதுக்கு ஆகஸ்ட்லயே மாத்துனீங்க?’

உனக்கு முன்பே தெரியுமா?

அக்கா


அக்டோபர் 30

தம்பிக்கு,

அம்மா சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை.

இரண்டு தடவை ஜீப் வந்து போய்விட்டது, உன் கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா என்று டிரைவரைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், நன்றாக இருக்கிறார், பேசுவதுதான் இல்லை என்றார்.

நாலாம் பாகம் வந்துவிட்டது. ஜெராக்ஸ்காரர் முன்பதிவு செய்த பார்சல் அவர் பெயருக்கே வந்தது. யாரும் பிரிக்கவில்லை. கூட்டம் மட்டும் நடந்தது, ஊசி வீட்டில். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வார்கள் என்று போனேன். மணிக்காரனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. உன்னைப் பற்றிப் பேசினார்கள். குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான் என்றார் ஒருவர். அணைக்கு மேலே தோட்டம் வைத்திருக்கிறவர்கள் காசு கொடுத்து, தண்ணீர் தங்கள் பக்கம் ஏறாமல் திறக்கச் சொன்னார்கள் என்றார் இன்னொருவர். உனக்காகப் பேசியவர்களும் இருந்தார்கள். சங்கு ஊதினால் ஜனங்கள் மிரண்டு ஆற்றுப் பாலத்துக்கு ஓடியிருப்பார்கள், பாலம்தான் முதலில் போனது, அதை யோசித்துத்தான் பேசாமல் இருந்தான் என்றார்கள். மணிக்காரனுக்காக நான் சொன்ன அதே காரணம், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பி, நானும் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு அதையேதான் செய்கிறேன். உனக்காக ஒவ்வொரு காரணமாகக் கட்டுகிறேன். அணை உடைந்துவிடும், ஊரே போய்விடும் என்ற நிலையில் நீ கண்ணை மூடிக்கொண்டு திறந்தாய். யாரோ உன் கழுத்தில் கத்தி வைத்தார்கள். எல்லாவற்றிலும் நீ பெரிய மனிதனாகவே இருக்கிறாய். ஒன்றையும் என்னால் நம்ப முடியவில்லை.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்திருக்கிறார். சீக்கிரமே என்னையும் கூப்பிடுவார்களாம். அதற்கு முன்னால் நீ எழுதிவிடு. உன் வார்த்தையாக இருந்தால் எதுவானாலும் பரவாயில்லை.

அக்கா


நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் மூச்சு எப்படி இருக்கிறது? நான் உடம்பளவில் சுகம். குடியிருப்பை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு.

நீ கட்டிய எதுவும் இல்லை. யாரும் காசு கொடுக்கவில்லை. நான் தூங்கவும் இல்லை.

சங்கின் மோட்டார் போன வருட மின்னலிலேயே கருகிவிட்டது. நான் வேலைக்கு வந்தபோது சோதனை ஊதியதாகக் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் போட்டேன். பிப்ரவரியில் இன்ஜினியரிடம் சொன்னேன், பார்க்கலாம் என்றார். ஏப்ரலில் சொன்னேன், பார்க்கலாம்பா என்றார். மே மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள், டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மறுபடி ஆரம்பித்தேன். அவர் எல்லோரையும் பார்த்து, ‘இந்தத் தம்பி வந்தாலே எனக்குச் சங்கு ஊத வர்ற மாதிரியே இருக்குய்யா’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்குச் சங்கு என்று பெயர். சாப்பாட்டு அறைக்குப் போனால், சங்கு வந்தாச்சு என்பார்கள்.

அதற்குப் பிறகு நான் அதைப் பேசவில்லை. நிரந்தர வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடக் கூச்சம்தான் அதிகம். இன்னொரு தடவை அந்தச் சிரிப்பைக் கேட்க முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான் அக்கா. உனக்கு மட்டும் அம்மாவை மாற்றச் சொல்லி எழுதினேன். எழுதியதும் மனம் லேசாகிவிட்டது. என் கடமை முடிந்த மாதிரி நன்றாகத் தூங்கினேன்.

அன்று காலை மூன்று மதகையும் உடனே திற என்று ஆபீஸிலிருந்து இன்ஜினியர் போன். கீழே சொல்லியாச்சா சார் என்று கேட்டேன். அதெல்லாம் சொல்லியாச்சு, நீ திற என்றார். சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஜீப் வாசலில் நின்றது. டிரைவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்துக்கொண்டே கீழே போய்ச் சொல்லுங்கள் என்றால் போயிருப்பார், தண்ணீருக்கு முன்னால் போயிருப்பார். எனக்கு அது தோன்றியது. ஒருவேளை தண்ணீர் கரைக்குள்ளேயே போய்விட்டால், ஊரைக் கிளப்பிவிட்ட சங்கு என்று ஆயுசுக்கும் சிரிப்பார்களே என்றும் தோன்றியது. சுவிட்சைப் போட்டேன்.

ஜெராக்ஸ்காரர் மனைவியிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி


டிசம்பர் 7

தம்பிக்கு,

அம்மாவுக்குக் குளிர் ஆரம்பித்ததும் இரைப்பு திரும்பிவிட்டது. மருந்து மாற்றியிருக்கிறோம், பயப்படும்படி இல்லை.

வியாழக்கிழமை விசாரணைக்குப் போனேன். பள்ளிக்கூட ஹாலில் நடந்தது, சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. ஊசி வந்திருந்தாள். முன் வரிசையில் ஜெராக்ஸ்காரர் மனைவி உட்கார்ந்திருந்தாள். உன் இன்ஜினியரும் வந்திருந்தார். மதகுக்காரன் சங்கை ஊதத் தவறிவிட்டான் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார், அதை வாசித்தார்கள்.

நீ எனக்கு எழுதியதை ஒன்று விடாமல் சொன்னேன். மோட்டார் கருகியது, நீ பொய்க் கையெழுத்துப் போட்டது, இன்ஜினியர் கேலி செய்தது, ஜீப் வாசலில் நின்றது. உனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனேன். ஜெராக்ஸ்காரர் மனைவியின் முகத்துக்கு முன்னால் முடியவில்லை. இன்ஜினியர் பாதியில் எழுந்து ஏதோ சொல்ல வந்தார், உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவரையும் உன்னையும் வேலையிலிருந்து நிறுத்தியிருப்பதாகச் சொன்னார்கள். வழக்கு வரும் என்கிறார்கள்.

முடிந்தது என்று எழுந்தேன். அதிகாரி உட்காரச் சொன்னார். என்னைப் பற்றி இன்னும் கேட்கவில்லை என்றார்.

‘உங்க அம்மாவை மாத்தச் சொல்லி தம்பி எழுதினப்போ, காரணம் சொன்னாரா?’

‘ஈரம் ஆகாதுன்னு எழுதியிருந்தான்.’

‘நம்புனீங்களா?’

சுவரெல்லாம் காய்ந்து வெடித்திருக்கிறது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னவரின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றேன்.

‘அப்புறம் ஏன் கேட்கலை?’

நான் இத்தனை நாள் உனக்காகக் காரணம் தேடினேனே, எனக்காக ஒரு தடவை கூடத் தேடவில்லை என்பது அங்கேதான் தெரிந்தது. ‘கேட்டா சொல்லிடுவானோன்னு பயமா இருந்துச்சு’ என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது ஊசி என்னைத் தாண்டி நடந்துவிட்டாள். ஜெராக்ஸ்காரர் மனைவி மட்டும் கிட்டே வந்தாள். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. எப்போது வெளியே விடுவார்கள் உன் தம்பியை என்று கேட்டாள். தெரியாது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அம்மாவுக்குத் தண்ணீர் வந்தது தெரியும், வீடு போனது தெரியும். ஜெராக்ஸ்காரர் போனதை நானும் மாமாவும் மறைத்து வைத்திருக்கிறோம். கட்டில் தள்ளிக்கொண்டு வந்த மனிதர் ஒரு நாள் கூட எட்டிப் பார்க்கவில்லையே, என்ன கோபம் அவருக்கு என்று இன்று காலையும் கேட்டாள். நான் மருந்தை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

அதை அவளிடம் நான் சொல்வதாக இல்லை. எப்போது விட்டாலும் நேராக இங்கே வா, உன் வாயால் நீயே சொல். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா